சூரியப் புயல் இரவில் துருவ ஒளி: கே.பி எண்ணை நம்பி வெளிக்கிடலாமா?

#1 பனித்துளி (ஸ்காபறோ)

ஜி3 புயல் எண்டு செய்தி வருது, ஆப் கே.பி 7 காட்டுது, வெளியில போய் நிண்டால் வானம் சும்மா கிடக்குது. வேறொரு நாள் கே.பி 5 தான் சொல்லியிருப்பினம், ஆனா இரவு ஒரு மணிக்கு சிம்கோ ஏரிக்கரையில எடுத்த பச்சையும் சிவப்புமான படங்கள் குழுக்களில குவியுது. ரொறன்ரோ பக்கம் இருக்கிற ஆக்கள் எந்த எண்ணைப் பார்த்து வெளிக்கிட வேணும்? எத்தனை மணிக்கு, எந்தத் திசையில? போன் கமரா காணுமா? விசயம் தெரிஞ்ச ஆக்கள் கணக்கோட சொன்னால் கனபேருக்கு உதவும்.

#2 காந்தமுள் (ஒட்டாவா)

பாதிக் குழப்பம் கே.பி என்பது என்ன என்பதிலேயே இருக்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நடு அட்சரேகைகளில் உள்ள 13 காந்த ஆய்வகங்களின் பதிவை வைத்து ஜெர்மனியில் போட்ஸ்டாமின் ஜி.எஃப்.இசட் நிலையம் கணக்கிடும் குறியீடு அது. 0 முதல் 9 வரை போகும். உலக நேரப்படி ஒரு நாளை எட்டுக் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு 3 மணி நேரக் கட்டத்திலும் காந்தப்புலம் எவ்வளவு ஆடியது என்பதற்கு ஓர் எண் தருகிறார்கள். உங்கள் கோடை நேரத்தில் இரவு 8 முதல் 11 வரை ஒரு கட்டம், 11 முதல் 2 வரை அடுத்தது. ஒரு கட்டத்தில் 20 நிமிடம் மட்டும் பெரிதாகக் கொந்தளித்து அடங்கினாலும் அந்த 3 மணி நேரம் முழுவதற்கும் பெரிய எண் விழுந்துவிடும். எண் திரையில் ஏறும்போது ஆட்டம் முடிந்தே போயிருக்கலாம்.

அடுத்தது அறிவிப்புகள். அமெரிக்காவின் நோவா விண்வெளி வானிலை மையம் மூன்று விதமாக அறிவிக்கிறது. செய்திகளில் மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். 'வாட்ச்' என்றால் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் வரக்கூடும் என்ற கணிப்பு மட்டுமே. 'வார்னிங்' என்றால் அந்த அளவு விரைவில் எட்டப்படும் என்று எதிர்பார்க்கிறார்கள். 'அலர்ட்' என்றால் எட்டியாயிற்று. நீங்கள் சொன்ன ஜி3 பெரும்பாலும் வாட்ச்தான். நோவாவின் புயல் அளவுகோலில் ஜி1 கே.பி 5, ஜி2 கே.பி 6, ஜி3 கே.பி 7, ஜி4 கே.பி 8, ஜி5 கே.பி 9 என்று பொருத்திக்கொள்ளுங்கள்.

வாட்ச் பொய்க்கக் காரணம் நேரடியானது. சூரியன் கக்கும் காந்தப் பிளாஸ்மா மேகம், அதாவது சி.எம்.இ, கிளம்பும்போது அதன் வேகத்தையும் திசையையும் கொரோனாகிராஃப் (சூரிய வட்டை மறைத்துச் சுற்றுப்புறத்தை எடுக்கும் கருவி) படங்களில் அளக்க முடிகிறது. ஆனால் மேகத்துக்குள்ளே காந்தப்புலம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைப் பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தள்ளி, எல்1 புள்ளியில் நிற்கும் விண்கலங்களைத் தொடும்வரை நம்பகமாகச் சொல்ல வழியில்லை. அந்தப் புலத்தின் வடக்கு-தெற்குக் கூறுதான் பி.இசட். அது தெற்கே, அதாவது கழித்தல் குறியில் இருந்தால்தான் பூமியின் காந்தப்புலத்தோடு இணைந்து ஆற்றல் உள்ளே இறங்கும். வடக்கே இருந்தால் நொடிக்கு 800 கி.மீ. வேகத்தில் மோதினாலும் வானம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். நீங்கள் ஏமாந்த இரவுகளில் பலவற்றுக்கு இதுவே விளக்கம்.

இன்னொன்று. 'சூரியனில் எக்ஸ் வகைச் சுடர் (மிக வலிமையான வகை) வெடித்தது, இன்றிரவு அரோரா' என்று பரவும் செய்தியை அப்படியே விட்டுவிடுங்கள். சுடரின் ஒளியும் எக்ஸ் கதிரும் 8 நிமிடத்தில் வந்து பகல் பக்கத்து சிற்றலை வானொலியைக் கெடுக்கும், அவ்வளவுதான். அரோராவுக்கு, அதாவது துருவ ஒளிக்கு, சி.எம்.இ வேண்டும், அது நம் பக்கம் கிளம்பியிருக்க வேண்டும், வந்து சேரப் பெரும்பாலும் ஒன்றரை முதல் மூன்று நாள் ஆகும். சூரியனின் விளிம்பில் வெடித்தது பெரும்பாலும் நம்மைத் தொடாது. வட்டின் நடுப்பகுதியில் வெடித்து, கொரோனாகிராஃபில் சூரியனைச் சுற்றி முழு வளையமாக விரிந்தால் கவனிக்க வேண்டிய மேகம்.

#3 ஃபியோர்ட்காரன் (ட்ரொம்சோ)

காந்தமுள் சொன்னது தெற்கில இருக்கிற ஆக்களுக்குச் சரி. நோர்வே வடக்கில கதை வேற. காந்தத் துருவத்தைச் சுற்றி இருக்கிற துருவ ஒளி வளையம் சாதாரண நாளிலேயே எங்கட தலைக்கு மேலதான் நிக்குது. கே.பி 2 இருந்தாலே நல்லாத் தெரியும். இங்க வாற சுற்றுலா ஆக்கள் கே.பி 1 எண்டதைப் பார்த்திட்டுப் படுத்திடுவினம், அது பிழை.

பெரிய புயல் நேரத்தில அந்த வளையம் விரிஞ்சு எங்களைத் தாண்டித் தெற்கே இறங்கிடும். ஜி4 இரவில ட்ரொம்சோவில நிண்டு வடக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தால் நேரம் வீண். தெற்குப் பக்கம் திரும்ப வேணும். 2024 மே 10 புயல் ஜி5. ஐரோப்பா முழுக்கச் சிவந்தது, எங்களுக்கு ஒண்டும் இல்லை, ஏனெண்டால் மே நடுப்பகுதியில இங்க இரவு இருட்டுறதே இல்லை. ஏப்ரல் கடைசியில இருந்து ஓகஸ்ட் நடுப்பகுதி வரைக்கும் எந்தப் புயல் வந்தாலும் வடநோர்வேக்கு விமானச்சீட்டு எடுக்காதேங்கோ.

இங்க தடை முகில்தான். கரையோரம் மூடிக் கிடந்தால் இ8 வீதியால ஷிபோட்ன் பக்கம் உள்ளுக்குப் போங்கோ. லிங்கன் மலைகள் கடல் ஈரத்தை மறிச்சு வைச்சிருக்கிறதால அங்க வானம் அடிக்கடி திறந்திருக்கும்; பல்கலைக்கழகத்தின்ர வானியல் நிலையமும் அதனாலதான் அங்க இருக்குது. அதுவும் மூடியிருந்தால் எல்லை தாண்டி பின்லாந்தின்ர கில்பிஸ்யார்வி. சுவீடன் பக்கம் அபிஸ்கோவும் இதே மாதிரி மலை மறைவில இருக்கிற இடம். முகில் வரைபடத்தில மொத்த வீதத்தைப் பார்க்காம கீழ், நடு, மேல் எண்டு மூண்டு அடுக்கையும் தனித்தனியாப் பாருங்கோ. மேல் அடுக்கில மெல்லிய முகில் 80 வீதம் எண்டாலும் நல்ல அரோரா அதுக்குள்ளால தெரியும். கீழ் அடுக்கு 40 வீதம் எண்டாலே கரைச்சல்.

#4 பனித்துளி (ஸ்காபறோ)

விளங்குது. அப்ப பி.இசட் வரைபடத்தை எப்பிடி வாசிக்கிறது? அதில அஞ்சாறு நிறத்தில கோடு ஓடுது. எந்த எண் வந்தால் கார் சாவியை எடுக்கலாம்?

#5 காந்தமுள் (ஒட்டாவா)

நோவாவின் நிகழ்நேரச் சூரியக் காற்று வரைபடத்தில் நான்கு கோடு போதும்: பி.டி, பி.இசட், வேகம், அடர்த்தி.

பி.டி என்பது காந்தப்புலத்தின் மொத்த வலிமை. சாதாரண நாளில் 5 நானோடெஸ்லா (காந்தப்புல அலகு) அளவில் கிடக்கும். பி.இசட் எவ்வளவு ஆழம் போக முடியும் என்பதற்கு அதுதான் வரம்பு, பி.டி 6 இருக்கும்போது பி.இசட் -15 ஆகாது. அதனால் முதலில் பி.டியைப் பாருங்கள். 15ஐத் தாண்டினால் விழித்திருங்கள். 20க்கு மேல் போனால் உடை மாற்றிக்கொள்ளுங்கள்.

சி.எம்.இ வந்துவிட்டதை எப்படி அறிவது? நான்கு கோடும் ஒரே நிமிடத்தில் திடீரென்று மாறும். வேகம் நொடிக்கு 400 கி.மீ.யிலிருந்து 600க்குத் தாவும், அடர்த்தி பல மடங்காகும், பி.டி எழும், பி.இசட் இரண்டு பக்கமும் துள்ளும். அது அதிர்ச்சி முனை. உடனே பி.இசட் வடக்கே போய்விட்டால் 'புயல் பொய்த்தது' என்று தூங்கப் போகாதீர்கள். முனைக்குப் பின்னால் முதலில் வருவது கலங்கிய உறை, அதில் பி.இசட் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அதற்குப் பிறகுதான் மேகத்தின் உடல். அங்கே கோடுகள் வழவழப்பாகும், அடர்த்தி குறையும், பி.இசட் ஒரே பக்கத்தில் மணிக்கணக்கில் நின்று மெல்லச் சுழலும். தெற்குப் பக்கம் முதலில் வரும் மேகமும் உண்டு, வடக்கு முதலில் வந்து 6 மணி நேரம் கழித்துத் தெற்கே திரும்பும் மேகமும் உண்டு.

உங்கள் இடத்துக்கு ஒரு நடைமுறை அளவு: பி.இசட் -10 அல்லது அதற்குக் கீழே, வேகம் 500க்கு மேல், இரண்டும் சேர்ந்து குறைந்தது 30 நிமிடம் நிலைத்தால் கிளம்பலாம். -20 போனால் யோசிக்கவே வேண்டாம். 2024 மே புயலில் அது -50ஐ ஒட்டிப் போனது. 5 நிமிடம் -15ஐத் தொட்டுவிட்டு மேலே வந்தால் அதில் ஒன்றும் இல்லை.

எல்1இலிருந்து பூமிக்கு வர எடுக்கும் நேரத்தை நீங்களே கணக்கிடலாம். 15 லட்சத்தை வேகத்தால் வகுத்தால் நொடிகள். 400 கி.மீ. வேகத்தில் சுமார் 62 நிமிடம், 500இல் 50, 800இல் 31. புயல் எவ்வளவு வேகமோ, உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவு குறைவு. ஸ்காபறோவிலிருந்து இருட்டான இடத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டியவர், -20ஐப் பார்த்த பிறகு காரை எடுத்தால் முதல் ஆட்டம் போய்விடும். அதனால்தான் பி.டி உயரும்போதே தயாராகச் சொல்கிறேன்.

தொலைவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கணக்கில் வருவது புவியியல் அட்சரேகை அல்ல, பூமியின் காந்த அச்சை வைத்துக் கணக்கிடும் காந்த அட்சரேகை. ரொறன்ரோ 43.7 பாகையில் இருந்தாலும் காந்தக் கணக்கில் ஏறத்தாழ 54. ஒஸ்லோ 60 பாகையில் இருந்தும் காந்தக் கணக்கில் 57ஐத் தாண்டாது. அந்தக் காந்த அச்சு வட அமெரிக்கப் பக்கம் சாய்ந்திருப்பதால் கிடைத்த கொடை இது. நோவாவின் சராசரிக் கணக்கில் ஒளி வளையத்தின் தெற்கு விளிம்பு கே.பி 5இல் காந்த அட்சரேகை 56.3க்கும், 7இல் 52.2க்கும், 9இல் 48.1க்கும் இறங்கும். அது தலைக்கு மேல் தெரியும் எல்லை. 100 கி.மீ. உயரத்துப் பச்சை ஒளி தொடுவானத்தில் 1,100 கி.மீ. தூரம் வரை எட்டும், 250 கி.மீ. உயரத்துச் சிவப்பு 1,700 கி.மீ.க்கும் மேல். தெற்கே உள்ளவர்களுக்குச் சிவப்பு மட்டும் தெரிவது இதனால்தான்: பச்சைப் பகுதி பூமியின் வளைவுக்குக் கீழே இருக்கிறது.

#6 இரவுக்கண் (அபர்டீன்)

ஒரு மறுப்பு. பி.இசட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் ஆபத்துதான். அது -12இலிருந்து +5க்கு ஏறியதும் காரைக் கிளப்பி வீட்டுக்குப் போகிறவர்கள் நிறைய. பூமியின் இரவுப் பக்கக் காந்த வால் அதுவரை சேர்த்துவைத்த ஆற்றலைப் பி.இசட் வடக்கே திரும்பிய பிறகும் அவிழ்த்துவிடும், பல சமயம் அந்தத் திருப்பமே அவிழ்ப்பைத் தூண்டிவிடுகிறது. எல்1 அளவீடு உள்ளே போகும் வரவைச் சொல்லும். செலவு எப்போது நடக்கிறது என்பதைத் தரையில் இருக்கும் காந்தமானிதான் சொல்லும்.

எங்கள் பக்கம் லான்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் அரோராவாட்ச் எளிய அளவு வைத்திருக்கிறது: காந்தப்புலக் குலைவு 50 நானோடெஸ்லா தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் ஆம்பர், 200 தாண்டினால் சிவப்பு. கனடாவில் ஒட்டாவா ஆய்வகத்தின் எக்ஸ் கூறு (காந்தப்புலத்தின் வடக்கு நோக்கிய பகுதி), நோர்வேயில் ட்ரொம்சோ புவி இயற்பியல் ஆய்வகத்தின் வரைபடங்கள், பின்லாந்தில் வானிலை நிறுவனத்தின் நிலையங்கள். கோடு மெல்ல வழிந்துகொண்டே வந்து திடீரென்று செங்குத்தாகச் சரிந்தால் அந்த நிமிடமே வானத்தைப் பாருங்கள். உங்கள் இடத்துக்கு வடக்கே உள்ள நிலையத்தையும் சேர்த்துப் பார்த்தால் வளையம் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பது புரியும்.

வானத்திலேயும் அறிகுறி உண்டு. வடக்கே தாழ்வாக ஓர் அமைதியான வில் தோன்றி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் அசையாமல் கிடந்து, மெல்லத் தெற்கே, நம் பக்கம் நகரும். சலிப்பூட்டும் இந்தக் கட்டத்தில்தான் ஆட்கள் கிளம்பிப் போகிறார்கள். வில்லின் கீழ் விளிம்பு கூர்மையாகி ஓரிடத்தில் பிரகாசம் கூடினால் அடுத்த சில நிமிடத்தில் உடையும். கதிர்கள் எழும்பும், முழுத் திரையும் வடக்கு நோக்கிப் பாயும். உச்சம் பத்து முதல் முப்பது நிமிடம். பிறகு, விடியல் பக்கம் போகப் போக, மங்கிய திட்டுகள் சில நொடிக்கு ஒருமுறை எரிந்து அணையும். பெரிய புயலில் இந்தச் சுற்று ஓர் இரவில் பலமுறை வரும், இரண்டு சுற்றுக்கு நடுவில் ஒன்றிரண்டு மணி நேரம் வெறுமையாகக் கிடக்கலாம்.

#7 காந்தமுள் (ஒட்டாவா)

இரவுக்கண் சொன்னதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: எல்1இல் முடிவெடுத்துக் கிளம்புவது, காந்தமானியை வைத்துக் காத்திருப்பது. கே.பிக்குப் பதிலாக எண் ஒன்றுதான் வேண்டுமென்றால் அதே ஜி.எஃப்.இசட் வெளியிடும் எச்.பி30 இருக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும், 9இல் நின்றுவிடாமல் மேலேயும் போகும்.

நேரம் கேட்டிருந்தீர்கள். வளையம் தெற்கே அதிகம் இறங்குவது காந்த நள்ளிரவை, அதாவது காந்தக் கணக்கில் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வரும் நேரத்தை, ஒட்டி. ரொறன்ரோவில் கோடை நேரத்தில் அது இரவு ஒரு மணி வாக்கில். 11 முதல் 3 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஜி4 வந்தால் மணி பார்க்காதீர்கள், இருட்டியதும் போய் நில்லுங்கள். 2024 அக்டோபர் 10 புயலில் மேகம் உலக நேரம் பிற்பகல் 3 மணி வாக்கிலேயே எட்டிவிட்டது. கிழக்குக் கனடாவில் அந்தி மறையும்போதே வானம் சிவக்கத் தொடங்கியிருந்தது.

#8 பைன்காடு (பரி)

ரொறன்ரோ ஆக்கள் செய்கிற பெரிய பிழை திசையில்தான். இருட்டான நீர்ப்பரப்பு வேணும் எண்டு ஒன்ராறியோ ஏரிக்கரைக்குப் போகினம். ஏரி நகரத்துக்குத் தெற்கே கிடக்குது. நீங்கள் பார்க்க வேண்டிய வடக்குப் பக்கம் முழுக்க நகரத்து வெளிச்சம். தேவைப்படுவது தென்கரை, அதாவது உங்களுக்கு வடக்கே தண்ணீர் இருக்கிற கரை. சிம்கோ ஏரியின் தென்கரையில் ஜோர்ஜினா பக்கம், ஜோர்ஜியன் பேயில் கொலிங்வூட் பக்கம். இன்னும் இருட்டு வேணுமெண்டால் மஸ்கோகாவில் கிரேவன்ஹர்ஸ்டுக்குப் பக்கத்தில் டொரன்ஸ் பரன்ஸ், 1999இல் இருண்ட வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம். வெறும் பாறைத்தரை, மரம் குட்டை, வானம் தொடுவானம் வரைக்கும் திறந்திருக்கும்.

இடத்தைப் பகலில் ஒருக்காப் பார்த்து வையுங்கோ. வடக்கில் 10 பாகைக்கு மேல் மரமோ மலையோ மறைச்சால் சாதாரணப் புயலில் ஒன்றும் தெரியாது. கையை நீட்டி முட்டி பிடிச்சால் அதின்ர அகலம் ஏறத்தாழ 10 பாகை. பூங்காக்களின் கதவு பூட்டுகிற நேரத்தையும் பாருங்கோ. போய்ச் சேர்ந்த பிறகு ஹெட்லைட்டை அணைச்சு, கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் விடுங்கோ. போன் திரையை ஒருக்கா முழு வெளிச்சத்தில் பார்த்தாலே அந்தப் பழக்கம் கெட்டுப்போகும். தலைவிளக்கு எண்டால் சிவப்பு வெளிச்சம் மட்டும்.

#9 பனித்துளி (ஸ்காபறோ)

ஏரி விசயம் இவ்வளவு நாளும் ஒருத்தரும் சொல்லேல்ல, நன்றி. அடுத்தது: வடக்கே வெள்ளையா ஒண்டு தெரியுது, அது முகிலா, ஊர் வெளிச்சமா, அரோராவா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

#10 இரவுக்கண் (அபர்டீன்)

போனை ஏதாவது ஒன்றில் அசையாமல் சாய்த்து வைத்து இரவு முறையில் 3 நொடி படம் எடுங்கள். பச்சை அல்லது இளஞ்சிவப்பு வந்தால் அரோரா. ஆரஞ்சும் சாம்பலும் வந்தால் ஊர் வெளிச்சம் பட்ட மேகம். இன்னொரு சோதனை, நட்சத்திரம்: அரோராவுக்குள்ளே நட்சத்திரம் தெளிவாகத் தெரியும், மேகம் அதை மறைக்கும் அல்லது கலங்கடிக்கும்.

கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவதில் குறை ஒன்றும் இல்லை. மங்கிய ஒளியில் வேலை செய்யும் கண் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. பிரகாசம் ஓர் அளவைத் தாண்டினால்தான் பச்சை தெரியும், சிவப்புக்கு அதைவிட அதிகம் வேண்டும். படத்தில் ரத்தச் சிவப்பாக வந்தது நேரில் சாம்பல் தூணாக நின்றிருக்கலாம். அந்தத் தூண் மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தால் கண்டுகொள்ளலாம்.

நிறக் கணக்கு: 100 முதல் 150 கி.மீ. உயரத்து ஆக்சிஜன் 557.7 நானோமீட்டரில் பச்சை தருகிறது. 200 கி.மீ.க்கு மேலே அதே ஆக்சிஜன் 630 நானோமீட்டரில் சிவப்பு. கிளர்ந்த அணு சிவப்பை வெளியிட ஏறத்தாழ 110 நொடி எடுக்கும். காற்று அடர்ந்த கீழ்ப்பகுதியில் அதற்குள் வேறு மூலக்கூறு மோதி ஆற்றலைப் பறித்துவிடுகிறது, அதனால் சிவப்பு உயரத்தில் மட்டுமே. பச்சைக்கு ஒரு நொடிகூட வேண்டாம். நீலமும் ஊதாவும் நைட்ரஜனுடையவை.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு. 14 முதல் 24 மி.மீ. லென்ஸ், துளை எஃப் 2.8 அல்லது அதைவிட அகலம், கையியக்க முறை, ரா கோப்பு, வெண்சமநிலை 3,500 முதல் 4,000 கெல்வினுக்குள் நிலையாக. தானியங்கி வெண்சமநிலையை விட்டால் படத்துக்குப் படம் நிறம் மாறும். தாழ்வான மங்கிய வில்லுக்கு ஐ.எஸ்.ஓ 3200, 8 முதல் 10 நொடி. திரை ஆடத் தொடங்கினால் 2 முதல் 4 நொடி. தலைக்கு மேலிருந்து கதிர்கள் விரியும் கிரீடம் வெடித்தால் 1 நொடி, தேவையானால் ஐ.எஸ்.ஓவை ஏற்றுங்கள். ஆடும் திரையை 15 நொடி திறந்துவைத்தால் மடிப்பெல்லாம் கரைந்து பச்சைப் பூச்சு மட்டும் மிஞ்சும்.

ஃபோகஸ்: லென்ஸின் முடிவிலிக் குறியை நம்பாதீர்கள். ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தில் நிறுத்தி, வளையத்தை டேப்பால் ஒட்டுங்கள். வெப்பநிலை இறங்க இறங்க லென்ஸ் சுருங்கி ஃபோகஸ் நகரும், ஒரு மணிக்கு ஒருமுறை சரிபாருங்கள். முக்காலியில் வைத்ததும் அதிர்வுத் தடுப்பை அணைக்க வேண்டும்.

லென்ஸின் முன்னால் யு.வி வடிகட்டி மாட்டியிருந்தால் கட்டாயம் கழற்றுங்கள். அரோராவின் பச்சை ஏறக்குறைய ஒற்றை அலைநீள ஒளி என்பதால், வடிகட்டியின் இணையான இரண்டு கண்ணாடிப் பரப்புகளுக்கு நடுவே எதிரொளித்துக் குறுக்கிட்டு, படத்தின் நடுவில் வட்டத்துக்குள் வட்டமாக வளையங்களைப் பதிக்கும். இருட்டில் சின்னத் திரையில் கண்ணுக்குப் படாது, வீட்டுக் கணினியில்தான் தெரியும், பிறகு அதை நீக்க நல்ல வழி இல்லை. திரையின் பிரகாசத்தையும் நம்பாதீர்கள், இருட்டில் எல்லாப் படமும் வெளிச்சமாகத்தான் தோன்றும். ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். புயல் இரவில் சிவப்பு வண்ணம் மட்டும் தனியாக வெட்டுப்படும், மூன்று வண்ணத்தையும் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து வையுங்கள்.

#11 ஃபியோர்ட்காரன் (ட்ரொம்சோ)

குளிரைப் பற்றி நான் சொல்லுறன். -20இல பற்றரி பாதி நேரமும் நிக்காது. ரெண்டு மேலதிகம் வேணும், சட்டைக்கு உள்பொக்கெட்டில உடம்புச் சூட்டில வைச்சிருங்கோ. செத்துப்போன மாதிரி இருக்கிற பற்றரியைச் சூடாக்கினால் திரும்பக் கொஞ்ச நேரம் ஓடும். லென்ஸில மூச்சுப் படாம நில்லுங்கோ. ஒருக்கா மூச்சுப் பட்டால் அது பனிப்படலமா உறையும், துணியால தேய்ச்சால் இன்னும் மோசம். யு.எஸ்.பியில ஓடுற லென்ஸ் சூட்டுப்பட்டி நல்ல முதலீடு. முக்காலியைப் பனிக்கு மேல வைக்காம, கால்களை இறுகுமட்டும் அமத்தி இறக்குங்கோ, இல்லாட்டி படம் எடுக்க எடுக்கச் சரியும்.

வீட்டுக்குள்ள வர முதல், வெளியிலேயே கமராவை சிப் வைச்ச பிளாஸ்ரிக் பையில போட்டு மூடுங்கோ. மெமரி கார்டை அப்பவே எடுத்திடுங்கோ. பைக்குள்ள கமரா அறைச் சூட்டுக்கு வர மட்டும் ரெண்டு மூண்டு மணி நேரம் திறக்கக் கூடாது. அப்பிடியே உள்ளுக்குக் கொண்டுவந்தால் ஈரம் கமராக்குள்ளேயே படியும்.

வீதியில நிண்டு பார்க்காதேங்கோ. தரிப்பிடத்தில மட்டும் நிப்பாட்டி, ஒளி திருப்புற பட்டி கட்டிக்கொண்டு இறங்குங்கோ. வானத்தைப் பார்த்துக்கொண்டு இருட்டு வீதியில நடக்கிற ஆக்களை ஓட்டுநருக்குக் கடைசி நிமிசத்திலதான் தெரியும்.

#12 நெல்லைவானம் (திருநெல்வேலி)

ஒவ்வொரு புயலுக்கும் 'தமிழ்நாட்டில் இன்று இரவு அரோரா தெரியும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதால் இங்கேயும் பதிந்துவிடுகிறேன். தெரியாது. காந்த நிலநடுக்கோடு தமிழகத்தின் தென்முனைக்குப் பக்கத்தில் போகிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வகம் வைத்திருப்பதும் அதனால்தான். ஒளி வளையத்திலிருந்து இவ்வளவு தள்ளி வேறு இடம் கிடையாது.

2024 மே புயலில் லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள இந்திய வானியல் ஆய்வகத்தின் கேமராக்களில் வடதொடுவானத்தில் சிவப்பு ஒளி பதிவானது உண்மை. அது மிக உயரத்துச் சிவப்புப் பகுதி மட்டும், மிக இருண்ட வானத்தில், நீண்ட நேரம் திறந்த கேமராவில். அதைக் காட்டிக் கொடைக்கானலிலும் தெரியும் என்பது சரியல்ல.

இங்கிருந்து பார்க்க வேறு விஷயம் உண்டு. புயலின்போது பூமியைச் சுற்றி ஓடும் வளைய மின்னோட்டம் வலுத்து, தாழ் அட்சரேகைகளில் கிடைமட்டக் காந்தப்புலத்தைக் குறைக்கிறது. டி.எஸ்.டி என்ற குறியீடு அதைத்தான் அளக்கிறது. 2024 மேயில் சுமார் -400 நானோடெஸ்லா, 1989 மார்ச்சில் -589. அந்த 1989 புயல்தான் கியூபெக்கின் மின்கட்டமைப்பை வீழ்த்தி 60 லட்சம் பேரை சுமார் 9 மணி நேரம் இருட்டில் வைத்தது. 1859 செப்டம்பரின் கேரிங்டன் புயலில் பம்பாய் கொலாபா ஆய்வகத்தின் காந்தமானி சுமார் 1,600 நானோடெஸ்லா சரிவைப் பதிவு செய்தது. அந்தப் புயலின் வலிமையைக் கணிக்க இன்றும் ஆய்வாளர்கள் தேடிப் போகும் பதிவு அது. அரோரா வழக்கமாகத் தெரியாத ஓர் ஊர் அந்தப் புயலை இவ்வளவு துல்லியமாக எழுதிவைத்தது எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. இப்போது நம்முடைய ஆதித்யா-எல்1 2024 ஜனவரியிலிருந்து அதே எல்1 புள்ளியைச் சுற்றி வருகிறது. அதில் காந்தமானியும் சூரியக் காற்றின் துகள்களை அளக்கும் கருவிகளும் உண்டு.

#13 பனித்துளி (ஸ்காபறோ)

கடைசியா ஒண்டு. சூரியனின்ர உச்சம் முடிஞ்சுது எண்டு சொல்லுகினம். இனிப் பார்க்க வாய்ப்பு இருக்கா? எந்த மாதத்தில லீவு போடலாம்?

#14 காந்தமுள் (ஒட்டாவா)

இருக்கிறது. சூரியனின் கொந்தளிப்பு ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும்; இப்போதைய 25ஆவது சுழற்சியின் உச்சம் 2024ஐ ஒட்டி வந்தது. இறங்குமுகத்திலும் பெரிய புயல்கள் வரும். 23ஆவது சுழற்சி 2000-2001 வாக்கில் உச்சம் தொட்டது, அதன் மிகப் பெரிய புயல்கள் 2003 அக்டோபர், நவம்பரில்தான் வந்தன.

மாதம் என்றால் மார்ச், ஏப்ரல் தொடக்கம், செப்டம்பர், அக்டோபர். சம இரவு நாட்களை ஒட்டிப் பூமியின் காந்த அச்சு சாய்ந்திருக்கும் விதத்தால், சாதாரணச் சூரியக் காற்றிலேயே தெற்குக் கூறு அதிகம் கிடைக்கிறது. இறங்குமுகத்தில் இன்னொரு வசதியும் உண்டு. சூரியனின் வெளி வளிமண்டலத்தில் காந்தப்புலம் திறந்து கிடக்கும் கொரோனாத் துளைகளிலிருந்து வரும் வேகக் காற்று, சூரியன் ஒரு சுற்றுச் சுற்றியதும் 27 நாளில் திரும்ப வரும். ஜி1, ஜி2 அளவைத் தாண்டுவது குறைவு, ஆனால் தேதியை முன்கூட்டியே குறித்துவைக்கலாம். ரொறன்ரோவுக்கு அது விளிம்பில்தான், ட்ரொம்சோ, வடகனடாவின் யெல்லோநைஃப் போகிறவர்களுக்குத் தாராளம். போன மாதம் நல்ல ஆட்டம் நடந்த தேதியோடு 27ஐக் கூட்டி, அந்த நாளுக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்து லீவு போடுங்கள். பௌர்ணமி எப்போது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தொடுவானத்துச் சிவப்பை நிலவு முழுதாக விழுங்கிவிடும், தலைக்கு மேல் ஆடும் பச்சையை ஒன்றும் செய்யாது.